வர வேண்டாம் என்று சொன்னவன் நான்

கலியமூர்த்தி அண்ணன் போன மாதம் வடலூர் பக்கம் வடக்குத்து கிராமத்தில் தம் வீட்டில் காலமானார். மனைவி இறந்தபின் அங்கே தனியாகத்தான் இருந்தார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலைதான் காலையில் எனக்கு போன் செய்தார். "பாய், அண்ணன் எழுந்திரிக்கல. ஒடம்பு சில்லுனு இருக்குதுங்க. சீக்கிரம் வாங்க." வடலூரில் கடையைத் திறந்து பைப் லோடு இறக்கிக்கொண்டிருந்தேன். போட்டது போட்டபடி ஓடினேன்.

அமெரிக்காவில் படிக்கும் அவருடைய ஒரே மகன் அருள் வரவில்லை. அண்ணனோடு நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களும் தெருக்காரர்களும் அதைப் பற்றிப் பேசுவதெல்லாம் என் கடைக்கு வந்து சேர்கிறது. நினைவு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரச் சொன்னீர்கள். அதற்கும் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

அண்ணனை நான் முதலில் பார்த்தது சுரங்க வாசலில். சைக்கிள் கேரியரில் துண்டும் லுங்கியும் கட்டிக்கொண்டு ஷிப்ட் விடும் நேரத்துக்குப் போய் விற்பேன். கன்வேயர் பிரிவிலிருந்து வந்தவர் ஒரு துண்டை விரித்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

"பாய், இது துண்டா, கொசுவலையா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "வேணும்னா வாங்குங்க, இல்லன்னா வெச்சிட்டுப் போங்க" என்றேன்.

"கோச்சிக்கறியே. யாவாரி கோச்சிக்கலாமா?" என்று சொல்லி இரண்டு வாங்கிக்கொண்டு போனார். மறுவாரம் கனமான துண்டாக எடுத்துப் போனேன். அவரே கூவிக் கூவி விற்றுக் கொடுத்தார்.

பிறகு நான் வடலூரில் பிளம்பிங் சாமான் கடை போட்டேன். சாயங்காலம் வந்து கல்லாப் பக்கம் உட்காருவார். வாடிக்கையாளர் எதிரிலேயே, "அவருக்கு விக்கற வெலைய சொல்லு, எனக்கு வாங்கின வெலைய சொல்லு" என்பார். என்னை இப்படிக் கேட்கும் தைரியம் வேறு யாருக்கும் கிடையாது. விலை ஏறும் என்று தோன்றினால் சரக்கை வெளியே விடாமல் பிடித்து வைப்பது என் வழக்கம். "வெச்சிகினே இருந்தா துருதான் புடிக்கும் பாய்" என்று கேலி செய்வார். ஆனால் பெரும்பாலும் எனக்கு லாபம்தான் வந்தது. அந்தத் தெம்பில்தான் மனுஷன் விஷயத்திலும் அதே கணக்கைப் போட்டேன்.

அருள் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறான். பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவுக்குக் கெடு முடிந்துவிட்டது. படிக்கிறவரை அங்கேயே இருக்கலாம், தப்பில்லை. வெளியே வந்துவிட்டால், திரும்பிப் போக இங்கே புது விசா வாங்க வேண்டும். நேர்காணலுக்குத் தேதி கிடைப்பதே பெரும்பாடு. கிடைத்தாலும் விசா கொடுப்பார்கள் என்று உறுதியில்லை. அவனோடு படித்த ஒரு பெண் அக்கா கல்யாணத்துக்காக ஊருக்கு வந்தவள், திரும்ப முடியாமல் படிப்பை விட்டுவிட்டாள்.

அண்ணனுக்கு இதயம் பலவீனமாகி, புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "ரொம்ப நாள் எதிர்பார்க்காதீங்க. பாக்க வேண்டியவங்கள வரச் சொல்லிடுங்க" என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அண்ணன் கேட்டார்.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மாத்திரைய ஒழுங்கா போடச் சொன்னாரு."

"சரக்கு நல்லா இல்லன்னாலும் இதே மொகத்தோடதான் விப்ப நீ. சரி, அருளுக்கு போன் பண்ணு. நான் கூப்ட்டா அது உத்தரவாயிடும். எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்துடுவான். நீ நெலமைய மட்டும் சொல்லு, அவனே முடிவு பண்ணட்டும். செத்தப்பறம் வந்து என்ன பிரயோசனம்? இருக்கறப்ப வந்தா ரெண்டு நாள் பேசிகினு இருக்கலாம்."

அன்றே பேசினேன். "மாமா, அப்பாவ கேட்டா நல்லாருக்கேன்னுதான் சொல்றாரு. நீங்கதான் நேர்ல பாக்கறீங்க. டாக்டர் என்ன சொன்னாரு? நான் கெளம்பி வரட்டுமா?" என்றான் அருள்.

அவன் கையில் இருப்பது ஒரே ஒரு பயணம் என்று எனக்குத் தோன்றியது. படிப்பு முடியும் நேரத்தில் வந்து, திரும்ப முடியாமல் போனால் இத்தனை வருஷ உழைப்பும் போய்விடும். கொஞ்சம் தள்ளிப்போட்டால் பட்டத்தோடு வருவான், அண்ணனும் அதுவரை தாங்குவார். டாக்டர் சொன்னதை முழுங்கிவிட்டேன். "மாத்திரையிலயே சரியாயிடுமாம். அப்பா கல்லு மாதிரி இருக்காரு. இப்ப வராத, படிப்ப முடிச்சிட்டு வாடா."

அண்ணனிடம், "சொல்லிட்டேன், யோசிக்கிறான்" என்றேன். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. மாடி அறைக்கு வெள்ளையடிக்க ஒரு ஆள் பிடித்துத் தரச் சொன்னார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தும் மகன் வரவில்லை என்று நினைத்தபடியே அவர் போயிருப்பார். இதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் என்னால் நேர்செய்ய முடியவில்லை.

செய்தியைச் சொன்னதும் அருள் கிளம்பத்தான் பார்த்தான். உறவுக்காரர்கள் மறுநாளே எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். "அதுக்குள்ள வந்து சேர முடியாது மாமா. இனிமே வந்து யார பாக்கப்போறேன்?" என்றான்.

அண்ணனின் தம்பி மகன் கொள்ளி வைத்தான். சுடுகாட்டில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நான். "கொஞ்சம் கீழ எறக்கிப் புடிங்க மாமா, அப்பா மொகம் தெரியல" என்றான் அருள். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர், "பெத்தவனுக்குக் கொள்ளி வெக்கக்கூட டாலர விட்டு வர மனசில்ல பாரு" என்றார். அது போன் வழியாக அவனுக்கும் கேட்டது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது சொல்கிறேன். அவன் வருகிறேன் என்றான், நான் தடுத்தேன். இனி யாரும் அவனைப் பேசாதீர்கள். பேசுவதென்றால் என் கடைக்கு வந்து என்னைப் பேசுங்கள்.

கருமாதி முடிந்ததும் அருளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போனை வைத்துவிட்டான். சில நாள் கழித்து அவனே கூப்பிட்டான். திட்டுவான் என்று காத்திருந்தேன். வீட்டைப் பற்றிப் பேசினான். "விக்க மனசு வரல. பூட்டியே கெடந்தா பாழாயிடும். நீங்க குடோனா வெச்சிக்கறீங்களா?" எனக்கு குடோன் தேவையாகவும் இருந்தது, அதை மறைக்கவில்லை. அண்ணனுடையது என்று என் கையில் இருப்பது இனி அந்த வீட்டுச் சாவிதான்.

அவன் சொன்னதையெல்லாம் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டேன். வாடகை மாதம் ஏழாயிரம். அட்வான்ஸ் கிடையாது. அவன் வருவதாகச் சொன்னால், வந்து இறங்குவதற்குள் சரக்கை எடுத்துவிட்டு வீட்டைக் கழுவி வைக்க வேண்டும். வரலாமா வேண்டாமா என்று இனி நான் அவனுக்குச் சொல்லக் கூடாது.