மனேச்சரின் மேசை மணி

அந்த மணி இன்னும் அதே மேசையில்தான் இருக்கிறது. ஹோட்டல் வரவேற்பில் வைப்பார்களே, தலையில் ஒரு தட்டுத் தட்டினால் ஒலிக்கிற வகை. எங்கள் பொதி விநியோக நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளைக்கு மனேச்சராக வந்தவர் முதல்நாளே அதைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். மற்றவர்கள் பெண்சாதி பிள்ளைகளின் படத்தை வைப்பார்கள். மணி அடித்தால், மோட்டார் சைக்கிளில் பொதி கொண்டுபோகிற நாங்கள் ஆறு பேரும் ஓடிப்போய் நிற்க வேண்டும். பாதி நாட்களில் நிமிராமலே சொல்வார்: "ஒண்டுமில்லை. நிக்கிறியளோ எண்டு பாத்தனான்." கொடுங்கோலர்களைப் பற்றி நானும் நாலு புத்தகம் வாசித்தவன். இவ்வளவு மலிவான பதிப்பும் உண்டென்று ஒன்றும் எச்சரிக்கவில்லை.

எங்களுக்குள் எழுதாத வழக்கம் ஒன்று இருந்தது. சாவீட்டுக்குப் பொதி கொண்டுபோவதில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடியும்வரை அலுமாரியில் வைத்திருந்து பிறகு கொடுப்போம். யாரும் முறைப்பட்டதில்லை. மனேச்சரின் கணினியில் மட்டும் அது தாமதமென்று சிவப்பாகத் தெரிந்தது. ஒருநாள் இணுவிலுக்கு ஒரு பெட்டி வந்தது. அங்கே சாவீடு என்றேன்.

"சாவீடெண்டால் சனமெல்லாம் வீட்டிலைதானே நிக்கும்? கொண்டுபோய்க் குடும்."

"சேர், செத்தவருக்குத்தான் பொதி."

"அப்ப கெதியாப் போம். பிரேதம் எடுக்கிறதுக்கு முதல் குடுக்கவேணும்."

போனேன். இந்தக் கதையில் எனக்குப் பிடிக்காத வசனம் இதுதான். பறை அடித்துக்கொண்டிருந்தது. மலர்வளையம் கொண்டுவந்தவன் என்று நினைத்து வழிவிட்டார்கள். மகள் வந்து பெட்டியைப் பார்த்தாள். "அப்பா காலுக்குப் போட எண்டு என்ரை தம்பி அனுப்பின சப்பாத்து," என்றாள். கைபேசித் திரையில் கையெழுத்துக் கேட்டேன். விரல் ஈரமாக இருந்ததால் பதியவில்லை; மூன்று தரம் வைத்தாள். பக்கத்தில் இருந்த கிழவர், "உமக்கு வேறை நாள் கிடைக்கேல்லையோ தம்பி?" என்றார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். திரும்பி வந்ததும் மனேச்சர் கணினியைக் காட்டினார்: "பாத்தீரோ, பச்சை."

அந்தப் பச்சைகளின் புண்ணியத்தில் போன மாதம் அவர் பதவி உயர்ந்து, மணியை மேசையிலேயே விட்டுவிட்டு, கொழும்புக்குப் போனார். காலியான கதிரைக்குத் தலைமையகம் என்னைக் கேட்டது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. "படியேறேக்கை உங்கடை முழங்கால் கத்துறது குசினியிலை சமைக்கிற எனக்குக் கேக்குது. பேசாமல் போய்க் கதிரையிலை இருங்கோ," என்றாள் மனைவி. நியாயம்தான். நான் மனேச்சரானால் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று எனக்கு நானே ஒரு சொற்பொழிவும் ஆற்றிக்கொண்டேன்.

வெள்ளி காலை அந்தக் கதிரையில் இருந்து பார்த்தேன். முழங்கால்கள் நன்றி சொல்லின. கைதான் சும்மா இருக்கவில்லை; மணியைத் தட்டிவிட்டது. ஐந்து பேரும் ஓடிவந்து நின்றார்கள். முந்தின நாள்வரை என்னோடு தேத்தண்ணி குடித்தவர்கள். அந்த மேசைக்கு முன்னால் நான் எத்தனையோ நாள் வைத்திருந்த முகம் ஐந்து பேருக்கும் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே.

"ஒண்டுமில்லை," என்றேன். "நிக்கிறியளோ எண்டு பாத்தனான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. அதைவிட மோசம், அவர்கள் அப்படி ஓடிவந்து நின்றது எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியானமே மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பெருந்தன்மை ஒன்றுமில்லை. அந்த மனிதரை வெறுப்பது இத்தனை வருட உத்தியோகத்தில் நான் சேர்த்த ஒரே சுகம். அவருடைய கதிரையில் இருந்துகொண்டு அதை அனுபவிக்க முடியாது. திங்கட்கிழமை புது மனேச்சர் வந்தார். மணியைக் கண்டார், முகம் மலர்ந்தது. இப்போதும் அடிக்கிறார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கிறது.