பன்னிரண்டாவது பாரா

போன வருடம் ஆகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை. போர்ட் பிளேர் டாலிகஞ்சில் என் வீடு. மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கல்வித் துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றவனிடம் ஆட்கள் இரண்டே காரணத்துக்குத்தான் வருவார்கள்: கல்யாணப் பத்திரிகை வைக்க, அல்லது திரும்பி வந்த ஃபைலுக்கு வழி கேட்க. அன்று வந்த டீச்சரின் கையில் பத்திரிகை இல்லை.

ரங்கத் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர் அவர். என்னை நன்றாகத் தெரியும். அவருடைய மாறுதல் விண்ணப்பத்தை மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். கூடவே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி. விடியற்காலை பஸ் பிடித்து, காட்டுப் பாதையில் வண்டிகளை வரிசையாக விடும் கான்வாய்க்குக் காத்திருந்து, ஒரு மணிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். பிள்ளையை நேரில் பார்த்தால் மனம் இரங்குவேன் என்று டீச்சர் நினைத்திருக்கலாம். இரங்குவது என் பணி விதிகளில் இருந்ததில்லை.

விஷயம் இதுதான். அரசுப் பள்ளிகளில் தனித் திறமை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு திட்டம் உண்டு. தேர்வானால் விடுமுறையில் போர்ட் பிளேரில் தங்கிப் பயிற்சி. வாரம் ஒருமுறை மெயின்லாண்ட் பேராசிரியர் ஒருவர் ஆன்லைனில் பாடம் எடுப்பார். ஒன்பதாம் வகுப்பில் மட்டும்தான் சேர முடியும். இந்தப் பெண்ணின் பெயரைப் பள்ளி அனுப்பியது, அலுவலகம் திருப்பிவிட்டது. எல்லாப் பாடத்திலும் எண்பது மதிப்பெண் வேண்டும் என்பது விதி. இவளுக்குக் கணக்கில் நூறு, இந்தியில் ஐம்பத்திரண்டு. அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

"கடைத்தெரு இந்தியெல்லாம் வெளுத்துக் கட்டுவா சார். பரீட்சை இந்திதான் வர மாட்டேங்குது" என்றார் டீச்சர்.

"விதின்னா விதிதாம்மா. எழுதினவன் யோசிக்காமலா எழுதியிருப்பான்?" என்றேன்.

டீச்சர் அந்த விதி வந்த சுற்றறிக்கையின் நகலை என் முன் வைத்தார். இரண்டு வரி படித்ததும் நடை பழக்கமானதாகத் தோன்றியது. எழுதினவன் நான்தான். பல வருடங்களுக்கு முன், விண்ணப்பம் குறைந்தால் வேலை குறையும் என்று நன்றாக யோசித்துத்தான் எழுதினேன். அதைச் சொல்ல அப்போது வாய் வரவில்லை.

பேச்சை மாற்ற, அந்தப் பெண்ணின் கையில் இருந்த நோட்டை வாங்கினேன். கான்வாய் வண்டிகளை அக்கரை சேர்க்கும் படகில் எத்தனை பஸ், எத்தனை கார், எந்த வரிசையில் ஏற்றினால் நடை குறையும் என்று நான்கு பக்கத்துக்குக் கணக்கு. அன்று காலை படகுத்துறையில் காத்திருந்த நேரத்தில் போட்டதாம். பழக்க தோஷத்தில் குறை தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

அதற்குள் அவள் என் சுற்றறிக்கையைக் கடைசிவரை படித்து முடித்திருந்தாள்.

"அங்கிள், பன்னிரண்டாவது பாராவில, தகுந்த காரணம் இருந்தா எந்த நிபந்தனையையும் இயக்குநர் தளர்த்தலாம்னு போட்டிருக்கே. அது எங்களுக்கு ஆகாதா?"

வாங்கிப் பார்த்தேன். இருந்தது. புதிய சுற்றறிக்கை தயாரிக்கும்போது பழையதன் கடைசிப் பாராவை அப்படியே எடுத்து ஒட்டிவிடுவது எங்கள் அலுவலக வழக்கம். ஒட்டியவர்கள் யாரும் அதைப் படித்ததில்லை, நான் உட்பட. உனக்கு மட்டும் எப்படியம்மா கண்ணில் பட்டது என்று கேட்டேன்.

"கணக்குல முக்கியமான நிபந்தனையை எப்பவும் கடைசி வரியிலதானே வைப்பாங்க" என்றாள். டீச்சர் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் தளர்வு கேட்டுத் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அவர் ரங்கத்தில் இருக்கிறார். இங்கேதான் நான் கொஞ்சம் உபயோகப்பட்டேன். மூலக் கடிதம் முறையான வழியில் பின்னால் வரும் என்று குறிப்பிட்டு, அட்வான்ஸ் காப்பியை நேரில் கொடுக்கலாம். கடிதத்தை நான் எழுத, டீச்சர் வாட்ஸ்அப்பில் அனுப்ப, தலைமையாசிரியர் கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பினார். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் அலுவலகம் போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால்.

தபால் வாங்கும் இருக்கையில் முன்பு என்னிடம் வேலை பழகிய வங்காளிப் பையன். இப்போது அவனுக்கே தொப்பை விழுந்துவிட்டது. ஒவ்வொரு தாளாகப் புரட்டிவிட்டு, "பக்க எண் இல்லையே சார். இல்லாததை வாங்காதேன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க" என்றான் இந்தியில். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண் பேனாவை எடுத்து எண் போட ஆரம்பித்திருந்தாள்.

"இன்னும் ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டேன்.

"இந்த சீட்டில நீங்க இருந்திருந்தா இன்னும் ரெண்டு கண்டுபிடிச்சிருப்பீங்க" என்றபடி முத்திரை குத்தினான். ஐந்துக்கு நாலு நிமிடம் இருந்தது.

வெளியே வந்ததும் டீச்சரிடம் உண்மையைச் சொன்னேன், அந்த விதியை எழுதியது நான்தான் என்று. "தெரியும் சார். நகல்ல கீழே உங்க சுருக்கொப்பம் இருக்கே. அதனாலதானே நேரா உங்க வீட்டுக்கு வந்தோம்" என்றார். அந்த மழையிலும் எனக்கு வியர்த்தது.

மூன்று வாரத்தில் தளர்வு ஆணை வந்தது. தேர்வு எழுதினாள், சேர்ந்தாள். முதல் மாதமே அந்தப் பேராசிரியர், இவளுக்குப் பதினோராம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கலாம் என்று எழுதியதாக டீச்சர் போனில் சொன்னார். இந்த வருடச் சுற்றறிக்கையை வரவழைத்துப் படித்தேன். எண்பது மதிப்பெண் நிபந்தனையைக் காணோம்; இவள் தளர்வு ஆணையை முன்னுதாரணமாகக் காட்டி எடுத்துவிட்டார்களாம். ஏதேனும் ஒரு பாடத்தில் தனித் திறமை இருந்தால் போதுமாம். தீவின் வடகோடியில் உள்ள திக்லிபூரிலிருந்துகூட இரண்டு பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள்.

பணிக்காலம் முழுவதும் எத்தனையோ விதிகளை எழுதியவன் நான். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வது, அவற்றில் ஒன்றை ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி இல்லாமல் செய்துவிட்டாள் என்பதைத்தான்.