பின்சீட்டில் பதில் இல்லை

மைசூரிலிருந்து ஊட்டி ஏரிக்குப் போய் அன்றே திரும்புவதாக இரண்டு கார்களில் கிளம்பினோம். குண்டுலுபேட்டையில் இட்லி சாப்பிட்டபின், பந்திப்பூர் காட்டுக்குள் ஓட்டியபடியே, பின்சீட்டு மனைவிக்கு என் படகுத் திட்டத்தை விளக்கினேன். ஒரு மறுப்பும் வரவில்லை. கல்யாணமாகி முதல்முறை ஜெயித்த பூரிப்பில் கண்ணாடியில் பார்த்தேன். புளியோதரை டப்பா மட்டும் இருந்தது!

காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது. போனில் சிக்னலும் இல்லை. ஓட்டல் வாசலிலேயே விட்டுவிட்டேனா? தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன். செக்போஸ்ட்டில் நின்றதும், பின்னால் வந்த மச்சினன் காரிலிருந்து சாவகாசமாக இறங்கினாள்.

"சொல்லிட்டுத்தானேங்க தம்பி வண்டில ஏறினேன்? நீங்க எங்கே அடுத்தவங்க பேச்சைக் கேட்டீங்க!"

இப்போதெல்லாம் பயணத்தில் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வேண்டுமென்றே எதையாவது தப்பாகச் சொல்கிறேன். பின்சீட்டிலிருந்து திட்டு வந்தால்தான் எனக்கு உயிர் வருகிறது.