இரண்டு பேர் ஆடிய வாலிபால்

பிரான்சுக்குப் போய் வந்தவன் ஈபிள் கோபுரத்தைப் பார்த்தேன் என்று சொன்னால்தான் ஊரில் மதிப்பு. நான் பார்த்தது ஒரு வாலிபால் போட்டி. எண்பதுகளின் நடுவில், ஒரு கோடையில், அண்ணன் டிக்கெட் அனுப்பி என்னை வரவழைத்திருந்தார்.

அண்ணன் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களைப் புதுச்சேரியில் அப்படித்தான் சொல்வோம். அப்பா மில் தொழிலாளி, நான் புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் ஒரு சின்னப் பட்டறையில் ஃபிட்டர். எங்கள் குடும்பத்தில் கடல் தாண்டியவர் அண்ணன் ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில் ஒருமுறை வந்து போனதோடு சரி. நான் கிளம்பும்போது அம்மா எனக்கு ஒரே ஒரு வேலைதான் வைத்தாள். பொங்கலுக்கு வருவானா மாட்டானா என்று அவன் வாயாலேயே கேட்டுக்கொண்டு வர வேண்டும்.

போய் எத்தனையோ நாளாகியும் அதைக் கேட்க முடியவில்லை. அண்ணன் விடிந்ததும் வேலைக்குப் போய்விடுவார். அண்ணி பிரெஞ்சுக்காரர். என்னைப் பார்த்தால் சிரிப்பார், நானும் சிரிப்பேன், அத்தோடு எங்கள் பேச்சு முடிந்துவிடும். சாயங்காலம் அவர்கள் இருவரும் அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டிருப்பார்கள். நடுவே அண்ணன் என் பக்கம் திரும்பி, "சாப்டியா?" என்பார். நான் அவர் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். பகலெல்லாம் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்ப்பேன். அவ்வளவு தனியாக நான் அதற்குமுன் இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் வாலிபால் போட்டி என்று அண்ணன் அழைத்துப் போனார். எனக்குக் கடுப்பாக இருந்தது. காலாப்பட்டுப் பக்கம் மீனவப் பிள்ளைகள் பழைய வலையைக் கட்டி மணலில் ஆடுவதைப் பார்க்க விமானம் ஏற வேண்டியதில்லை. இங்கே கரை முழுக்கக் கூழாங்கல். லாரியில் மணல் கொண்டுவந்து கொட்டி, அதன்மேல் வலை கட்டியிருந்தார்கள். பக்கத்துக்கு இரண்டே பேர். மீதிப் பேர் எங்கே என்று கேட்டேன். இந்த ஆட்டத்தில் அவ்வளவுதான் என்றார். அத்தனை பெரிய இடத்தில் இரண்டு பேர் மட்டும் ஓடி ஓடி விழுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சுற்றிலும் ஒரே கூச்சல். யார் ஜெயிக்கிறார்கள் என்றே தெரியாமல், மற்றவர்கள் கை தட்டியபோது நானும் தட்டினேன்.

அப்போது யாரோ "ஆமாவா!" என்று கத்தினார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எதைச் சொன்னாலும் 'அப்படியா' என்பதற்கு எங்கள் பக்கம் கேட்கும் அதே ஆமாவா. மறுபடியும் கேட்டது. நான் எழுந்து நின்று கூட்டத்தில் நம் முகம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன்.

"அண்ணே, நம்ம ஊரு ஆளு ஒருத்தன் இருக்கான். ஆமாவான்னு கேக்கறான்."

அண்ணன் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பந்து இருவருக்கும் நடுவில் வரும்போது, இது எனக்கு, நீ விடு என்று கூட்டாளிக்குச் சொல்லும் பிரெஞ்சு வார்த்தையாம். 'ஆ முவா'. அப்படிச் சொல்லாவிட்டால் அவன் எடுப்பான் என்று இவனும், இவன் எடுப்பான் என்று அவனும் நின்றுவிடுவார்களாம், பந்து நடுவில் விழுந்துவிடுமாம். எல்லாவற்றையும் தமிழில்தான் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டே மில் மைதானத்தில் தான் ஆடியதையும், அப்பா வந்து திட்டி இழுத்துப் போனதையும் சொன்னார். அண்ணன் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டார் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று, பொங்கலுக்கு வருவாரா என்று அம்மா கேட்கச் சொன்னதைக் கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போன தடவ வந்தப்ப அம்மா எனக்கு மட்டும் மேச போட்டு, தட்டு பக்கத்துல ஸ்பூன் வெச்சுது. நீங்கள்லாம் கீழ ஒக்காந்து கையால சாப்ட்டீங்க. நானும் ஒண்ணும் சொல்லாம ஸ்பூன்லயே சாப்ட்டேன். அம்மா பாத்துக்கினே நின்னுது. இன்னொரு தடவ என்னால முடியாதுடா."

அந்த நாள் எனக்கும் நினைவிருந்தது. ஸ்பூனை அம்மா அடுத்த வீட்டில் கேட்டு வாங்கி வந்தாள். பிள்ளைமேல் இருந்த பெருமையில்தான் வைத்தாள். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஆட்டம் முடிந்து எல்லோரும் எழுந்துவிட்டார்கள். நான் கிளம்பும்வரை அந்தப் பேச்சு திரும்ப வரவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். பெட்டியைக்கூட இறக்க விடாமல், கேட்டாயா என்றாள். பேசினோம், நிறையப் பேசினோம் என்று இழுத்தேன்.

"தமிழ்லயா பேசுனான்?"

தமிழில்தான் என்றேன். அது பொய்யில்லை.

"அப்ப வந்துடுவான்."

சாயங்காலத்துக்குள் தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள். தடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் பொங்கலுக்கு அண்ணன் வரவில்லை. அம்மா அதற்கடுத்த பொங்கலைச் சொல்ல ஆரம்பித்தாள்.