இலை தின்னும் மிஷினும் எங்கள் விரல்களும்

தோட்ட வேலையில் செடி வளர்ப்பது பாதி, உதிர்ந்ததை வாருவது மீதி. அந்த இரண்டாவது பாதியைத்தான் சொல்ல வந்தேன். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று உட்கார்ந்ததிலிருந்தே பயம். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். மிஷின் பாகங்களுக்குப் புத்தகத்தில் என்ன பெயரோ, எனக்குத் தெரியாது. மெக்கானிக் சொன்ன பெயரைத்தான் சொல்லப்போகிறேன். வாசலில் வேப்ப மரத்தை வைத்துக்கொண்டு தினமும் குனிந்து குனிந்து வாரும் நீங்களெல்லாம் பொறுத்துக்கொள்வீர்கள்.

செகந்திராபாத்தை ஒட்டிய குஷாய்குடா பக்கம் ஃபேக்டரியில் இருந்த என் வீட்டுக்காரர் விருப்ப ஓய்வு வாங்கியதும், ஹப்சிகுடாவில் ஒரு காலனியின் தோட்ட வேலையை நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டோம். ஐடிக்காரர்கள் குடிவந்துகொண்டே இருந்த காலம். ஒருநாள் அவர் ஏலத்தில் ஒரு பழைய மிஷினை எடுத்து வந்தார். தள்ளுவண்டி மாதிரி சக்கரம், பெட்ரோல் இஞ்சின். அடியில் உள்ள அகன்ற வாய் இலையை உறிஞ்சிப் பின்னால் தொங்கும் பைக்குள் தள்ளும். பக்கத்தில் ஒரு புனல். அதில் குச்சியைச் செருகினால் உள்ளே பிளேடு பொடிப்பொடியாக நறுக்கிவிடும். அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை, அந்தப் புனலுக்குள் யார் விரலும் போய்விடக் கூடாது.

குளவிக் கூடு

வந்த புதிதில் மிஷின் மூச்சே விடவில்லை. கயிற்றை இழுத்து இழுத்து அவருக்குத் தோள் வீங்கியதுதான் மிச்சம். ஆட்டோவில் ஏற்றி செகந்திராபாத்தில் கவுஸ் பாய் கடைக்குக் கொண்டுபோனோம். ஆம்பூர்க்காரர், ஜெனரேட்டர் ரிப்பேர் செய்கிறவர். கார்பரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. சைலன்ஸருக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. இரண்டையும் சுரண்டி எடுத்துக் கயிற்றை இழுத்தார். கறுப்புப் புகையோடு மிஷின் கத்திய கத்தலில் நான் பக்கத்து டீக்கடைக்குள் போய்விட்டேன்.

சத்தம் அடங்கியதும் வந்து, "பாய், புனல் வாயில ஒரு கம்பி வலை போட்டுக் குடுங்களேன்" என்று கெஞ்சினேன். வலை போட்டால் குச்சி எப்படிப் போகும் என்று கேட்டார். குச்சி போகட்டும், கைதான் போகக் கூடாது என்றேன். கவுஸ் பாய் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது கைகிட்ட சொல்ல வேண்டிய விஷயம்க்கா. மிஷினைக் குத்தம் சொல்ல நக்கோ, வேணாம்."

முக்கு மாவு

சங்கராந்திக்கு முந்தின வாரம். காலனியில் வாசலுக்கு வாசல் முக்கு, அதாவது நம் கோலம். என் வீட்டுக்காரர் இலையை மட்டும் பார்த்துக்கொண்டு தள்ளிப் போனதில், மூலை வீட்டுக் கோலத்தில் பாதி மிஷினுக்குள் போய்விட்டது. மாவு பையில் தங்குமா? துணி வழியாகப் புகைபோல் வெளியே வந்து, பக்கத்தில் நின்ற புதுக் கறுப்புக் காரின் மேல் படிந்தது.

கார் கோயம்புத்தூர்த் தம்பி ஒருவருடையது, சாஃப்ட்வேர் வேலை. கோலத்துக்குச் சொந்தக்கார அம்மாவிடம் தெலுங்கில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, நானே குனிந்து மறுபடி புள்ளி வைத்துக்கொண்டிருந்தேன். தம்பி வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். எனக்குப் புள்ளி தப்பியது. அவர் சொன்னார்: "விடுங்கக்கா. வண்டிக்கு இன்னும் பூஜை போடலைன்னு எங்கம்மா தினமும் போன்ல திட்டறாங்க. விபூதி பூசியாச்சுன்னு சொல்லிக்கறேன்."

அமெரிக்காவுக்குக் கேட்ட சத்தம்

அதே தம்பி காலையில் பால்கனியில் நின்று அமெரிக்காக்காரர்களோடு போனில் பேசுவார். அது தெரியாமல் நாங்கள் கீழே மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தோம். திடீரென்று மேலேயிருந்து இரண்டு கையையும் ஆட்டினார். பதறிப்போய் நிறுத்தினோம். வேலைக்கே உலை வைத்துவிட்டோம் என்றே நினைத்தேன். பேசி முடித்துவிட்டு இறங்கி வந்தார். "ஏனுங்க நிறுத்தினீங்க? நல்லா ஓட்டுங்கன்னு தானுங்க கை காட்டினேன். வேலை ஏன் முடியலைன்னு அப்பதான் கேக்க ஆரம்பிச்சாங்க."

ஈர இலை

மழைக்காலத்தில் மிஷின் ஈர இலையைத் தின்னாது. தின்றாலும் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நாங்கள் பையைக் கழற்றி, உதறி, திரும்ப மாட்டி நிமிர்ந்தபோது, ரோடு பெருக்கும் யாதம்மா அந்தத் தெருவையே முடித்துவிட்டாள். போகிற போக்கில் கையிலிருந்த துடைப்பத்தை எங்களுக்குக் காட்டிச் சொன்னாள்: "சீப்புருக்கி பெட்ரோல் அக்கரலேதம்மா." துடைப்பத்துக்குப் பெட்ரோல் தேவையில்லையாம்.

ஒரே ஒரு டப்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாவு ஆட்டுவது அவர் பொறுப்பு. கிரைண்டர் சுற்றும்போதே மாவைக் கையால் தள்ளிவிட்டுப் பழகியவர். புனலில் ஈரக் குச்சி சிக்கிக்கொண்ட அன்று, லீவரை இறக்கினார்; இஞ்சின் அடங்கியது. அப்புறம் நான் "ஏங்க, ஏங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மாவு வழிக்கிற மாதிரி புனலுக்குள் கையை விட்டார். பிளேடைக் கொஞ்சம் திருப்பிச் சிக்கை எடுத்து, குச்சியை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

டப் என்று ஒரே ஒரு சத்தம். நின்றுபோன இஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. அவர் கையில் குச்சி இருந்தது, வெட்டிய கரும்பு மாதிரி பாதியாக. விரல்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்; எல்லாம் இருந்தன. அதன் பிறகுதான் இலைக் குவியல் மேல் உட்கார்ந்து அழுதேன். அவர் ஆட்டோ பிடிக்கப் போனார்.

கவுஸ் பாய் பிரித்துப் பார்த்தார். லீவரை இறக்கினால் நெருப்புப் பொறியை நிறுத்த வேண்டிய ஒயர் அறுந்திருந்தது. பெட்ரோல் வரத்து நின்றதால்தான் இஞ்சின் அடங்கியது; உள்ளே கொஞ்சம் பெட்ரோல் தங்கியிருந்தது, பொறியும் அப்படியே உயிரோடு இருந்தது. புது ஒயர் போட்டுவிட்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: "பிளேடைக் கையால திருப்பறதும் கயித்தை இழுக்கறதும் இஞ்சினுக்கு ஒண்ணுதான் சார். யார் இழுத்தாங்கன்னு அது திரும்பிப் பார்க்காது."

ஒயர் மறுபடி அறுந்துபோகாது என்று யார் சொன்னது? பொறி கொடுக்கும் பிளக்கையே ஸ்பேனரால் கழற்றக் கற்றுக்கொண்டேன். பிளக் இல்லாத இஞ்சின் வெறும் இரும்பு. இத்தனை வருஷத் தோட்ட வேலையில் நான் தேறியது இவ்வளவுதான்: மிஷினைக்கூட நம்பிவிடலாம், மாவு ஆட்டிப் பழகிய கையை நம்பக் கூடாது, ஆகையால் அவர் புனல் பக்கம் குனிவதற்குள் பிளக்கைக் கழற்றிப் பழந்துணியில் சுற்றி என் முந்தானையில் முடிந்துகொள்கிறேன்.