மூடியில் இரண்டு புள்ளி

போன வாரம் கோவிலம்பாக்கத்தில் ஒரு வீட்டில் போர்வெல் மூடியைக் கழற்றினேன். மூடியின் உள்பக்கம், துருவுக்கு நடுவே, இரண்டு வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. பெயிண்ட். நகம் அளவு, பக்கத்துப் பக்கத்தில். மச்சான் வைத்தது. அவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. மூடியைக் கீழே வைக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். வீட்டுக்காரர், "என்னப்பா, ஏதாவது பிரச்சனையா?" என்றார். இல்லை என்றேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பதினெட்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். தாம்பரம், முடிச்சூர், மேடவாக்கம், இந்தப் பக்கம் முழுக்க எங்களுக்கு ஒரே வேலைதான். தண்ணீர் குறைந்துபோன போரில் விளக்கு வைத்த கேமராவை இறக்கி, உள்ளே என்ன அடைத்திருக்கிறது என்று சின்ன டிவியில் பார்ப்போம். பிறகு கம்ப்ரசர் வைத்துக் காற்றடித்து மண்ணையும் கல்லையும் வெளியே தள்ளுவோம். முதலில் சேறாக வரும். அப்புறம் தெளியும். தெளிந்ததும் மற்றவர்கள் மோட்டாரை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மச்சான் போகமாட்டார். தண்ணீர் அடங்கட்டும் என்று மணல் மூட்டை மேல் உட்காருவார். அடங்கியதும் கேமராவை மறுபடி இறக்குவார். முதலில் பார்த்ததற்கு மூடியில் ஒரு புள்ளி. சுத்தம் செய்த பிறகு பார்த்ததற்கு இன்னொரு புள்ளி.

எனக்கு அது பிடிக்காது. வெயிலில் நின்று முந்நூறு அடி வயரைச் சுற்றுவது என் தோள்தான். "தெளிஞ்சிடுச்சே மச்சான், இன்னும் இன்னா?" என்பேன். "தண்ணிதான் தெளிஞ்சிச்சு மாப்ள. சைடுல கல்லு குந்திகினு கீதான்னு தண்ணி வந்து சொல்லுமா?" என்பார். முடிச்சூரில் ஒரு தடவை அவர் இல்லாத நாளில் நான் தெளிந்த தண்ணீரை நம்பி மோட்டாரை இறக்கினேன். பக்கவாட்டில் இருந்த கல் விழுந்து மோட்டார் சிக்கிக்கொண்டது. கடைசிவரை வெளியே வரவில்லை. மச்சான் என்னைத் திட்டவில்லை. மறுநாளிலிருந்து பெயிண்ட் டப்பாவை என் பையில் வைத்தார். அவ்வளவுதான்.

பிறகு ஒரு கோடையில் அவர் கண் மஞ்சளானது. குளிர்க் காய்ச்சல் வந்தது. கீழாநெல்லி சாப்பிட்டார், இறங்கவில்லை. தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பித்தக் குழாயில் கல் என்றார்கள். டாக்டரம்மா வாய் வழியாகக் குழாய் விட்டு, பெரிய கல்லை உள்ளேயே உடைத்து எடுத்தார். மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் சுத்தமாக இருக்கிறது என்றார். வழி அடைக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் குழாய் வைத்திருப்பதாகவும், ஆறு வாரம் கழித்து அதை எடுத்துவிடலாம் என்றும் சொன்னார். மச்சான் கும்பிட்டார். பதினைந்து நாளில் வேலைக்கு வந்துவிட்டார்.

ஐந்தாவது வாரம் ஒன்றைக் கவனித்தேன். வயரைப் பிடிக்கும்போது உள்ளங்கையை அதிலேயே தேய்த்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வந்தபோதும் அப்படித்தான் அரித்தது. கேட்டேன். "வெயிலு மாப்ள" என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணல் மூட்டையில் உட்கார்ந்ததையும் பார்த்தேன். அதற்கும் வெயில்தான் என்றார். எனக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போக அவருக்குப் பயம். முதல் தடவை காய்ச்சலோடு படுத்திருந்தபோது, இவர் பிழைப்பது கஷ்டம் என்று நர்ஸ் ஒருவர் பேசியது அவர் காதில் விழுந்திருந்தது.

குழாயை எடுக்கப் போன நாளில் டாக்டரம்மா, "எப்படி இருக்கீங்க?" என்றார். "சூப்பரா கீறேன் மேடம்" என்றார் மச்சான். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினேன். "பொய் சொல்றாரு மேடம். கை அரிக்குது, வயிறு வலிக்குது. கல்லு எல்லாம் எடுத்தப்புறம் உள்ள கேமரா வுட்டுப் பாத்தீங்களா, இல்ல படம் மட்டுந்தானா?"

மச்சானுக்கு முகம் செத்துவிட்டது. "டாக்டரண்ட இன்னா கேள்வி கேக்கற நீ? மன்னிச்சுக்குங்க மேடம், இவன் போருக்குக் கேமரா வுடறவன்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "எவ்ளோ ஆழம் விடுவீங்க?"

"முந்நூறு அடி மேடம்."

"எனக்கு அவ்ளோ வேணாம்" என்று சிரித்தார். அப்புறம் சிரிக்காமல் சொன்னார். "படம் மட்டும்தான் பாத்தேன். இவர் பித்தக் குழாய் விரிஞ்சுபோய் இருக்கு. மருந்து நிறைஞ்சு நிக்கும்போது சின்னத் துண்டு இருந்தா படத்துல மறைஞ்சிடும். உள்ளேயே போற மெல்லிசான கேமரா ஒண்ணு இருக்கு. எல்லாருக்கும் போடறதில்ல. இவருக்குப் போட்டுப் பாத்துடலாம்."

மச்சானை உள்ளே கொண்டுபோனதும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கல் இருந்தால் ஆபத்து. இல்லையென்றால் ஆசாமியை வீணாகப் படுக்க வைத்தவன் நான். இரண்டில் எது வரவேண்டும் என்று நினைப்பது என்றே தெரியவில்லை. டாக்டரம்மா ஒரு படத்தோடு வந்தார். அவர் விரல் வைப்பதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிட்டது. மஞ்சளான சுவர், வழுவழுப்பாக. மேலே குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில், ஓரமாக, கருப்பட்டித் துண்டு போல ஒன்று. குந்திகினு இருந்தது. "எடுத்தாச்சு. எடுத்துட்டு இன்னொரு வாட்டி சுத்திப் பாத்துட்டேன்" என்றார் டாக்டரம்மா.

மயக்கம் தெளிந்ததும் மச்சான் கேட்ட முதல் வார்த்தை, "கேமரா எறக்கினாங்களா?"

"எறக்கினாங்க."

"இருந்துச்சா?"

"ஒண்ணு."

"தெளிஞ்சா போதும்னு சொல்ற பயதானடா நீ" என்றார். என் கையைப் பிடித்தார். பதினெட்டு வருடத்தில் அந்த ஒரு தடவைதான்.

அதற்கப்புறம் நாலு வருடம் இருந்தார். கை அரிக்கவில்லை, மஞ்சள் வரவில்லை. குன்றத்தூர் மலைப்படி எல்லாம் என்னை முந்தி ஏறினார். போனது நெஞ்சுவலியில். அதில் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

கோவிலம்பாக்கத்தில் அன்றைக்கு மதியம் தண்ணீர் தெளிந்துவிட்டது. வீட்டுக்காரர் வாளியில் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி இருக்கே, மோட்டாரை இறக்கிட வேண்டியதுதானே?"

"அடங்கட்டும் சார்" என்றேன்.

மணல் மூட்டை இல்லை. படியில் உட்கார்ந்து மூடியின் துருவைச் சுரண்டினேன், அந்த இரண்டு புள்ளியையும் விட்டுவிட்டு. அவற்றுக்குக் கீழே, காலையில் கேமரா விட்டுப் பார்த்ததற்கு ஒரு புள்ளி வைத்தேன். தண்ணீர் அடங்கியதும் கேமராவை இறக்கினேன். சுவர் முழுக்கச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வயரைச் சுற்றி வைத்துவிட்டு வந்து, இன்னொரு புள்ளி வைத்தேன்.