ரிஜெக்ட் முத்துமணி வாங்கிய கேமரா

ஓசூர் சிப்காட்டில் முத்துமணிக்கு இனிஷியலைவிட ‘ரிஜெக்ட்’ என்ற பட்டம்தான் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. சிறு பட்டறைகளிலிருந்து கம்பெனிக்கு வரும் உதிரிபாகங்களை அளந்து, உள்ளே விடுவதோ திருப்பி அனுப்புவதோ அவர் வேலை. கோவில்பட்டியிலிருந்து வந்து பதினோரு வருடம். எந்த சப்ளையரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. கை சுத்தமானவர் என்ற பெயர் உண்டு. வேறு சொத்து கிடையாது.

2005இல் ஊரே டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருந்தபோது அவருக்குப் பழைய ஃபிலிம் கேமராமேல் ஆசை வந்தது. பேட்டரி இல்லாமலே ஷட்டர் அடிக்கிற, தூக்கினால் கை வலிக்கிற கேமரா. கூடவே தூரத்து ஆளைப் பக்கத்தில் இழுக்கும் 135 எம்.எம். லென்ஸ். ஞாயிறுதோறும் பெங்களூர் போய் ஏழு கேமராவைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தார். எட்டாவது உள்ளூரிலேயே இருப்பதாக ஒரு ஸ்டூடியோக்காரர் சொன்னார். தெருவைச் சொன்னாரே தவிர ஆள் பெயரைச் சொல்லவில்லை.

கதவைத் திறந்தவர் திம்மராயன். லேத் பட்டறை வைத்திருப்பவர். அவர் கடைந்து அனுப்பிய புஷ் என்னும் உலோக வளையங்களை முத்துமணி அந்த வருடம் மட்டும் மூன்று தடவை திருப்பியிருந்தார். நான்காவது லாட் மறுநாள் வருவதாக இருந்தது.

திட்டுவதற்கு வீட்டுக்கே வந்துவிட்டாரோ என்று திம்மராயன் முதலில் பயந்தார். கேமரா என்றதும் தெம்பு வந்து, ரெண்டாயிரம் போதும் என்றார். பெங்களூரில் நாலாயிரத்துக்குக் குறையாது என்பது முத்துமணிக்குத் தெரியும். குறைத்து வாங்கினால் பதினோரு வருடப் பெயர் திங்கட்கிழமை முதல் ஷிஃப்டிலேயே போய்விடும். வாங்காமல் போகலாம் என்றால் கை கேமராவை விடவில்லை. நாலாயிரம் தருகிறேன் என்றார்.

இது அநியாயம் என்று திம்மராயன் தன் பொருளின் குறைகளைத் தானே எடுத்துக் காட்டத் தொடங்கினார்.

“சார், லென்ஸுக்குள்ள பூஞ்சை புடிச்சிருக்குது. வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, நூல் நூலா ஓடுது.”

“அது தூசிதான். படத்துல விழாது.”

“வெளிச்சம் காட்டுற மீட்டர் முள்ளு அசையவே மாட்டேங்குது சார்.”

“மீட்டர் எதுக்குங்க, கண்ணு இருக்குல்லா.”

“இங்க நசுங்கியிருக்குது பாருங்க.”

“புடிக்க வசதியாத்தான இருக்கு.”

இரண்டு மைக்ரானுக்காக ஐயாயிரம் புஷ்களைத் திருப்பிய மனிதர்தானா இவர் என்று திம்மராயன் குழம்பினார். கொடுக்கிறவரிடம் வாங்கித் தொலைக்காமல் என்ன பேச்சு என்று உள்ளேயிருந்து அவர் மனைவி முனிலட்சுமி தெலுங்கில் கேட்ட பிறகே பேரம் படிந்தது.

திங்கட்கிழமை புஷ்கள் வந்தன. முத்துமணி மைக்ரோமீட்டரை எடுத்தார். அன்றைக்கென்று பார்த்து எல்லாமே சரியாக இருந்தன. ஐம்பது அளந்தார், நூறு அளந்தார். திம்மராயன் வாழ்நாளில் இப்படி ஒரு லாட் அனுப்பியதில்லை. ஒரே ஒரு குறை கிடைத்தால் மானம் தப்பும். கிடைக்கவில்லை.

கடைசியில் பக்கத்து மேசை லாவண்யாவைக் கூப்பிட்டு, இந்தப் புஷ்களை அனுப்பிய ஆளிடம் நேற்று கேமரா வாங்கியிருக்கிறேன், இதை நீயே அளந்து கையெழுத்துப் போடு என்றார். அவளும் அளந்தாள்; எல்லாம் சரி. கையெழுத்துப் போட்டுவிட்டு, கேமரா என்ன விலை என்று கேட்டாள். விலையையும் சொன்னார், பூஞ்சையையும் மறைக்கவில்லை.

“நாலாயிரமா? உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க சார்.”

மதியத்துக்குள் செய்தி கேன்டீன் முழுக்கப் பரவிவிட்டது. ரிஜெக்ட் முத்துமணியின் தலையிலேயே திம்மராயன் ஓட்டைக் கேமராவைக் கட்டிவிட்டாராம். ஆளாளுக்குத் தட்டோடு வந்து துக்கம் விசாரித்தார்கள். லஞ்சம் என்ற பேச்சை ஒருவரும் எடுக்கவில்லை. முத்துமணி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, இரண்டாம் தடவை சாம்பார் வாங்கிச் சாப்பிட்டார்.